இருதயத்தினுள் வளரும் கட்டி: கண்டறிந்த வரலாறும் அகற்றிய வரலாறும்

எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியும் வேறு சகோதரிகள் இம்மலரில் எழுதியுள்ளனர். எம்மிடம் கேட்கப்பட்டது வைத்தியத்துறை சார்ந்த ஒரு வரலாற்றுக் கட்டுரை. எம்மில் சிலர் தாதியராகவும் சிலர் வைத்தியர்களாகவும் சிலர் விஞ்ஞான ஆசிரியைகளாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். எதை எழுதலாம் என்று கூடிப் பேசியபோது, எம் எல்லோருக்கும் பொதுவான ஒரு நினைவு முன்னே வந்தது.

அந்நாளில் அநேகமாக எல்லா வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். தேகப்பயிற்சிப் பாடத்துக்கு நாம் மைதானத்துக்கு ஓடும்போது அவள் விறாந்தை வாங்கில் அமர்ந்திருப்பாள். வாதக்காய்ச்சல் வந்த பிள்ளை, ஓடக்கூடாது என்று வைத்தியர் சொன்ன பிள்ளை. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போய்வருவாள். அந்தக் காய்ச்சல் இருருதய வால்வுகளைச் சுருக்கிவிடும் என்பதை நாம் பின்னர்தான் படித்தறிந்தோம். இளைப்போடு வரும் பெண் என்றால் வால்வு நோயாக இருக்கும் என்று எண்ணுவது எமது நாட்டில் ஒரு தலைமுறையின் வழக்கமாகவே இருந்தது. அந்த எண்ணம் பெரும்பாலும் சரியானதே. ஆனால் அதே இளைப்பின் பின்னால் வேறொரு நோயும் மறைந்திருக்கலாம். அது மிக அரிதானது. கண்டுபிடித்தால் முற்றாக மாற்றக்கூடியது. கண்டுபிடிக்காவிட்டால் ஒருநாள் திடீரென உயிரை எடுப்பது. இருதயத்தினுள் வளரும் தீங்கற்ற கட்டியே அது. நூற்றாண்டுகளாகப் பிரேத பரிசோதனை மேசையில் மட்டும் காணப்பட்ட இக்கட்டி, உயிருள்ள பெண்ணின் நெஞ்சில் கண்டுபிடித்து அகற்றப்படும் நிலைக்கு எப்படி வந்தது, அந்த வசதி எமது குடாநாட்டுக்கு வந்துசேர ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பவற்றை இங்கே எழுத முனைகிறோம்.

கட்டியின் இயல்பு

உடலின் மற்ற உறுப்புகளில் தோன்றும் கட்டிகளைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். இருருதயத்திலேயே தோன்றும் கட்டி அப்படியன்று. பத்தாயிரம் பிரேத பரிசோதனைகளில் ஓரிரண்டில் மட்டுமே அது காணப்படும் என்பது பொதுவான கணிப்பு. அவற்றிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தீங்கற்றவை, அதாவது புற்றுநோய் அல்லாதவை. வளர்ந்தவர்களிடையே நெடுங்காலமாக முதலிடம் பெற்று வந்தது மிக்ஸோமா எனப்படும் கட்டியாகும். சளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நுங்கைப் போல வழுவழுப்பாக, கையால் தொட்டால் உடைந்துவிடும் தன்மையோடு இருப்பதால் அப்பெயர் பொருத்தமானதே.

மிக்ஸோமாக்களில் நான்கில் மூன்று பங்கு இடது சோணையறையில் வளர்கின்றன. இரண்டு சோணையறைகளுக்கும் இடையேயுள்ள சுவரில் ஒரு சிறு பள்ளம் உண்டு. நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது இரத்தம் கடந்து சென்ற துவாரம் அது, பிறந்தபின் மூடிக்கொண்டது. அந்தப் பள்ளத்தின் ஓரத்திலிருந்தே பெரும்பாலும் இக்கட்டி ஒரு காம்பு விட்டுத் தொங்குகிறது. இருருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அது ஊசலாடி, கீழேயுள்ள இருகூர் வால்வின் வாயை அடைக்கிறது, பிறகு விலகுகிறது. நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் வழி கிடைக்காமல் தேங்குவதால் இளைப்பு உண்டாகிறது. வழி முற்றாக அடைபட்டால் மயக்கமோ திடீர் மரணமோ நேரலாம். கட்டியின் துணுக்கு ஒன்று உடைந்து மூளைக்குச் சென்றால் இளவயதிலேயே பாரிசவாதம் வரும். தீங்கற்றது என்ற பெயர் நுணுக்குக்காட்டியில் தெரியும் கலங்களுக்குத்தான் பொருந்தும். அது இருக்கும் இடம் தீங்கற்ற இடமன்று.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது. 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே பெரும்பாலும் வெளிப்படுகிறது. பிள்ளைகளை வளர்த்து, வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கும் வயது அது. பழைய மாணவிகளின் மலரில் இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழந்தைகளுக்கு வருவது வேறு வகை. இருருதயத் தசையில் தோன்றும் ரப்டோமையோமா என்ற கட்டிகள் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படும். அவற்றுள் பெரும்பாலானவை பிள்ளை வளர வளரத் தாமாகவே சுருங்கிவிடும் என்பதால், இரத்தோட்டத்தை மறிக்காதவரை கத்தி வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதே வழக்கம். மிக்ஸோமா தானாகச் சுருங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்குச் சத்திரசிகிச்சை ஒன்றே வழி.

இறந்தபின் மட்டும் கண்ட காலம்

யாழ்ப்பாணத்தைச் சங்கிலி மன்னன் ஆண்ட காலத்தில், 1559ஆம் ஆண்டில், இத்தாலிய உடற்கூற்று வல்லுநர் ரியல்டோ கொலம்போவின் நூல் வெளிவந்தது. பதுவா பல்கலைக்கழகத்தில் வெசேலியசுக்குப் பின் அவருடைய இடத்தில் கற்பித்தவர் இவர். இருருதயத்தில் கட்டியைக் கண்டதாக எழுதிய முதல் குறிப்பு இவருடையது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அதன் பின் ஏறத்தாழ 400 ஆண்டுகள் இக்கட்டியைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் பிரேதத்தைப் பார்த்தே எழுதினார்கள். 1845இல் இலண்டன் வைத்தியர் கிங் இடது சோணையறைக் கட்டிகளை விவரித்தபோதும் நிலைமை அதுவே. நோய்க்குப் பெயர் இருந்தது. நோயாளிக்கு உதவி இருக்கவில்லை.

கிங் எழுதி இரண்டு ஆண்டுகளின் பின், 1847இல், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலிருந்து வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அவர் நடத்திய வைத்தியசாலையிலும் வைத்தியக் கல்லூரியிலும் எம்மவர் அறுபதுக்கு மேற்பட்டோர் மேலைத்தேய வைத்தியம் பயின்றனர். பிறமொழியில் படித்தவன் தன் ஊரை விட்டுப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊருக்குப் பயன்படுவான் என்று எண்ணிய கிறீன், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்களுடன் சேர்ந்து இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். 1872இல் வந்த மனுஷ அங்காதிபாதம், உலகெங்கும் மருத்துவ மாணவர் கற்ற கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகும். இருருதயத்தின் அறைகளும் வால்வுகளும் குழாய்களும் தமிழில் எழுதப்பட்டு மானிப்பாயில் படிக்கப்பட்டன. அக்காலத்தில் இருருதயத்தைத் திறக்க உலகில் எவரும் துணியவில்லை. ஆனால் அதன் அமைப்பை எமது மொழியில் அறிந்த வைத்தியர்கள் எமது ஊர்களில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

பெண்களுக்கு அப்போது இருந்த தடை இன்னொன்று. ஆண் வைத்தியரிடம் நெஞ்சைக் காட்டப் பெண்கள் கூசினார்கள், வீட்டாரும் விடவில்லை. இக்குறையை உணர்ந்த மேரி, மார்கரெற் லீச் சகோதரிகள் வெளிநாடுகளில் நிதி திரட்டினார்கள். அதன் பயனாக 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே பெண் வைத்தியர்கள் பணியாற்றினார்கள். வைத்தியர் செவிமடுக்குமுன் நோயாளி வாய் திறக்க வேண்டும். அதற்கு ஏற்ற இடம் வேண்டும். இணுவில் அந்த இடமாக அமைந்தது.

இருருதயத்தைத் திறந்த ஆண்டுகள்

கட்டி உள்ளே இருக்கிறது. அதை எடுக்க இருருதயத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் இரத்தம் பெருகும். நிறுத்தினால் சில நிமிடங்களில் மூளை சாகும். இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் கிபன். 1930ஐ அண்டிய காலத்தில் பொஸ்ரன் நகரில், நுரையீரல் குழாய் அடைபட்டு இறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் அருகே அவர் இரவு முழுவதும் இருந்தார். இரத்தத்தை வெளியே எடுத்து, ஒட்சிசன் ஊட்டி, திரும்ப உடலுக்குள் செலுத்தும் பொறி ஒன்று இருந்தால் இவள் பிழைப்பாளே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. அந்த எண்ணம் நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஆய்வுகூடத்தில் அவருடன் நின்று பொறியை அமைத்தவர், பரிசோதனைகளை நடத்தியவர் அவரது மனைவி மேரி ஹொப்கின்சன். வரலாற்று நூல்களில் கணவரின் பெயரே பெரிதாக நிற்கிறது. இம்மலரிலேனும் மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதுவது எமது கடமை.

1953 மே 6ஆம் திகதி பிலடெல்பியாவில், சோணையறைச் சுவரில் துவாரமுள்ள 18 வயது மாணவி ஒருத்தியின் இருருதயத்தை அப்பொறியின் துணையோடு கிபன் திறந்து மூடினார். 26 நிமிடம் அந்தப் பொறியே அவளது இருருதயமும் நுரையீரலுமாக இருந்தது. அவள் சுகமடைந்தாள். ஆனால் அதன் பின் அவர் தொட்ட பிள்ளைகள் பிழைக்கவில்லை. மனமுடைந்த கிபன் அந்தச் சத்திரசிகிச்சையையே கைவிட்டார். மற்றவர்கள் அதைத் தொடர்ந்து திருத்தி எடுத்தார்கள்.

கட்டியின் வரலாறும் இதே ஆண்டுகளில் திரும்புகிறது. 1952இல் பால்ரிமோர் நகரில் ஹென்றி பான்சன், பொறியின் துணையின்றி, இருருதயத்துக்கு வரும் பெருநாளங்களைச் சிறிது நேரம் அடைத்து, வலது சோணையறைக் கட்டி ஒன்றை எடுத்தார். நோயாளி சில வாரங்களில் இறந்தார். 1954 யூலையில், சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரில் கிளறன்ஸ் கிறபோட் என்ற நிபுணர், 40 வயதுப் பெண் ஒருத்தியின் இடது சோணையறையிலிருந்து மிக்ஸோமாவை அகற்றினார். இருருதய நுரையீரல் பொறி துணை நின்றது; அப்பெண் பிழைத்தாள். இடது சோணையறை மிக்ஸோமா வெற்றிகரமாக அகற்றப்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவே. 1559இலிருந்து 1954வரை காத்திருந்த கதவு அன்று திறந்தது.

காணும் கண்

ஆயினும் எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. இருப்பது தெரிய வேண்டும். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டால் இக்கட்டியின் ஓசை ஒடுங்கிய இருகூர் வால்வின் ஓசையைப் போலவே இருக்கும். கைதேர்ந்த வைத்தியர், நோயாளி படுக்கும்போதும் எழும்போதும் ஓசை மாறுவதைக் கவனித்துச் சந்தேகிக்கலாம். நிச்சயமாகச் சொல்வது கடினம். வால்வு நோய் என்று எண்ணித் திறந்தபோது கட்டியைக் கண்டு திகைத்த அனுபவம் பல நாட்டு நிபுணர்களுக்கும் உண்டு.

இதற்கு விடை கிடைத்ததும் சுவீடனிலேயே. லுண்ட் நகரில் இருருதய வைத்தியர் இங்கே எட்லரும் பௌதிக அறிஞர் ஹெல்முத் ஹேர்ட்சும், மல்மோ நகரக் கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் வெடிப்புகளைக் கண்டறியப் பயன்பட்ட கேளா ஒலிக் கருவியைப் பார்த்து, அதே ஒலியால் இருருதயத்தை ஆராயலாம் என்று எண்ணினார்கள். 1953 ஒக்டோபரில் துடிக்கும் இருருதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். 1959இல் ஜேர்மனியில் இம்முறையால் இடது சோணையறைக் கட்டி கண்டறியப்பட்டது. இன்று நாம் எக்கோ என்று சொல்லும் பரிசோதனை இதுவே. ஊசி இல்லை, வலி இல்லை. திரையில் கட்டி துள்ளுவதை நோயாளியே பார்க்கலாம்.

சத்திரசிகிச்சை இன்று எப்படி நடைபெறுகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்வோம். நெஞ்செலும்பு நடுவே பிரிக்கப்படும். பெருநாளங்களில் குழாய்கள் பொருத்தப்பட்டு இரத்தம் பொறிக்கு மாற்றப்படும். குளிர்ந்த பொட்டாசியக் கரைசல் செலுத்தப்பட்டு இருருதயம் ஓய்வு கொள்ளும். அதுவரை எவரும் இருருதயத்தை அழுத்தவோ அசைக்கவோ மாட்டார்கள். துணுக்கு ஒன்று உடைந்தால் அது மூளைக்குச் செல்லும். பின்னர் சோணையறை திறக்கப்பட்டு, கட்டி காம்போடும் காம்பு முளைத்த சுவரின் ஒரு பகுதியோடும் எடுக்கப்படும். சுவரில் பெரிய துவாரம் உண்டானால் இருருதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டித் தைக்கப்படும். வேரை விட்டுவைக்காததால் கட்டி மீண்டும் வருவது நூற்றுக்கு ஓரிருவருக்கே. பரம்பரையாக வரும் ஒரு வகை மட்டும் விலக்கு. தோலில் கரும்புள்ளிகளோடும் சுரப்பிக் கோளாறுகளோடும் சேர்ந்து வரும் அதனை 1985இல் அமெரிக்க நோயியல் நிபுணர் கார்னி விவரித்தார். அக்குடும்பங்களில் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த வழி

உலகம் இவ்வளவு தூரம் வந்த பின்னும் எமக்கு அது தூரமாகவே இருந்தது. எமது பெரியாஸ்பத்திரி, அரச அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் காலத்தில் 1850இல் தொடங்கிய பழைய நிறுவனம். 1907இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தொடங்கியபோது அது போதனா வைத்தியசாலையாயிற்று. மானிப்பாயில் கிறீன் விட்டுச் சென்ற உடற்கூற்றுப் பாடம், ஒரு நூற்றாண்டின் பின் எமது மண்ணிலேயே பல்கலைக்கழகப் பாடமாயிற்று. அந்த உடற்கூற்றுத் துறைக்குத் தலைமை வகித்தவர்களுள் ஒருவர் வைத்தியர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணத்துப் பெண். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். எமது வைத்திய வரலாற்றை எழுதும்போது இவற்றைத் தாண்டிச் செல்ல முடியாது.

இருருதயத்தைத் திறக்கும் சத்திரசிகிச்சைக்கு எமது மக்கள் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. வசதியுள்ளோர் கடல் கடந்து வேலூருக்கும் சென்னைக்கும் போனார்கள். வேலூர் எமது பெண்களுக்குப் புதிய ஊரன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் அங்கே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியவர். அதே வேலூரில் 1960களின் தொடக்கத்தில் பொறியின் துணையோடு திறந்த இருருதய சத்திரசிகிச்சை நடைபெறலாயிற்று.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இருந்தவரை கொழும்புப் பயணம் ஓர் இரவோ ஒரு பகலோதான். 1990இல் யாழ்தேவி நின்றது. நெடுஞ்சாலை மூடப்பட்டது. மின்சாரம் போயிற்று. கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்த காலம் அது. படுத்தால் மூச்சு முட்டும் ஒரு பெண் அந்த வள்ளத்தில் எப்படி இருந்திருப்பாள் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். மின்சாரம் இல்லாத ஊரில் எக்கோ ஏது? இளைப்போடு இருந்து இறந்த எமது ஊர்ப் பெண்களுள் எவருக்கு வால்வு நோய், எவருக்குக் கட்டி என்று இனி எவரும் சொல்ல முடியாது. அவர்களுடைய மரணத்தின் காரணம் வெறும் இருருதய வருத்தம் என்றே வீட்டில் நினைவுகூரப்படுகிறது.

நெடுஞ்சாலை 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, போர் முடிந்த 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தது. 2010களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலேயே திறந்த இருருதய சத்திரசிகிச்சை ஆரம்பமானது. ஸ்ரொக்ஹோமில் 1954இல் திறந்த கதவு எமக்குத் திறக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தாமதமாக வந்தாலும் அது வந்திருக்கிறது.

எஞ்சியிருப்பது

இன்று சொல் இருக்கிறது, கருவி இருக்கிறது, கை இருக்கிறது, வழி இருக்கிறது. எஞ்சியிருப்பது ஒன்றே: நோயாளி சொல்ல வேண்டும். எமது பெண்கள் இளைப்பைச் சொல்வதில்லை. படி ஏறக் களைத்தால் வயது போகிறது என்கிறோம். தலை சுற்றினால் இரத்தம் காணாது என்கிறோம். இரவில் மூச்சு முட்டினால் முட்டு என்று சொல்லி ஆவி பிடிக்கிறோம். பெரும்பாலும் அவை அவ்வளவே ஆகவும் இருக்கும். ஆனால் சரிந்து படுக்கும்போது அல்லது எழுந்து இருக்கும்போது கூடிக் குறையும் இளைப்பு, காரணமில்லாத மயக்கம், இளவயதில் பாரிசவாதம், நாட்பட்ட காய்ச்சலும் மெலிவும் மூட்டு நோவும் ஆகியவற்றுள் ஒன்று வந்தால் ஒருமுறை எக்கோ செய்து பார்க்கும்படி கேட்பதில் வெட்கம் வேண்டாம். அரிய நோய் இருக்காது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. பயமின்றி வீடு திரும்பலாம். இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது.

விறாந்தை வாங்கில் அமர்ந்திருந்த எமது தோழியை நாம் மைதானத்திலிருந்து பார்த்துக் கையசைத்தோம். என்ன செய்கிறது என்று கேட்டதில்லை. நூறாண்டு கண்ட சங்கத்தின் சகோதரிகள் இனி ஒருவரையொருவர் சந்திக்கும்போது, பிள்ளைகளின் படிப்பையும் வெளிநாட்டுப் பயணத்தையும் விசாரிப்பதோடு, படி ஏற இளைக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக.